கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?
கடைக்கு சாப்ட்வேர் எழுதி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



எழுதாத கணக்கு அழுதாலும் தேறாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைய நிலையில் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதிய கணக்கே ஆனாலும், அதைத் திறக்கும் சாவி வேறொருவர் கையில் இருந்தால் அதுவும் எழுதாத கணக்குக்குச் சமம்தான். இதை நாம் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நம் வீதியிலேயே கண்ணால் கண்டதைச் சொல்கிறோம்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த நேரம். மளிகைக் கடை ஒவ்வொன்றிலும் பில் அடிக்கும் முறையையே மாற்ற வேண்டிய நிர்ப்பந்தம். நம் கடையில் 1998இல் ஓர் இளைஞர் எழுதிக் கொடுத்த பாக்ஸ்புரோ புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அதே வீதியில் நாலு கடை தள்ளி இருந்த மொத்த வியாபாரி, 2003இல் ஒரு நிறுவனத்திடம் நல்ல விலை கொடுத்து, வண்ணத் திரையுடன் கூடிய சாப்ட்வேர் வாங்கியிருந்தார். அது ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு சிறிய பூட்டைச் செருக வேண்டும். டாங்கிள் என்பார்கள். அந்த நிறுவனம் 2015இல் கடையைக் கட்டிவிட்டது.

நம்முடைய பழைய பாக்ஸ்புரோ கணக்கு டி.பி.எப். என்ற கோப்பில் இருந்தது. அந்த அமைப்பு ஊரறிந்தது. எக்செல்லில் கேட்டதும் திறந்துகொண்டது. சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பாக்கி எல்லாவற்றையும் மூன்றே நாளில் புது சாப்ட்வேருக்கு மாற்றிவிட்டோம். நண்பருக்கோ ஜூலை முதல் வாரத்தில் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் அந்தப் பூட்டைச் செருகும் துளையே இல்லை. ஹார்டு டிஸ்க்கில் கணக்கு முழுவதும் பத்திரமாக இருந்தது. ஆனால் அது அந்த நிறுவனமே வகுத்த ரகசிய அமைப்பில் இருந்ததால் எவராலும் படிக்க முடியவில்லை. கையில் இருந்தது மார்ச் 31 அன்று அச்செடுத்த பேரேடு மட்டுமே. மூன்று மாதக் கடன் விற்பனைக்கு வாடிக்கையாளரின் வாய்ச்சொல்தான் சாட்சி. நேர்மையானவர்கள் தாமாகவே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லாதவர்களின் பாக்கி போனது போனதுதான்.

இரண்டு சாப்ட்வேருமே எழுதியவரின் ஆதரவை இழந்தவை. அப்படியிருக்க, ஒருவர் மூன்று நாளில் கரையேறினார், மற்றவர் மூன்று மாதக் கணக்கை இழந்தார். இதற்குக் காரணம் திரையின் அழகோ, கொடுத்த விலையோ அல்ல. அடியில் என்ன இருக்கிறது என்பதே.

அடிமனை யாருடையது?

நம்மில் பலர் கோயில் இடத்தில் கடை கட்டி, அடிமனை வாடகை கொடுத்து வருகிறோம். கட்டடம் நம்முடையது. தரை கோயிலுடையது. வாடகையை உயர்த்தினால் கொடுக்க வேண்டும். காலி செய்யச் சொன்னால் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சாப்ட்வேரும் அப்படித்தான். நாம் காசு கொடுத்து எழுதி வாங்கும் பில்லிங் புரோகிராம் கட்டடம். அது எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்பட்டது, கணக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸ் எது, எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுகிறது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அடிமனை. இதைத்தான் 'பிளாட்பாரம்' என்கிறார்கள். புரோகிராம் எழுதுபவர் தமக்குப் பழகிய பிளாட்பாரத்தில் எழுதிவிட்டுப் போய்விடுவார். பத்து வருடம் அதன் மீது உட்கார்ந்து வியாபாரம் செய்யப்போவது நாம். ஆகவே கேட்க வேண்டியவர்களும் நாமே.

நேற்றைய ராஜபாட்டை

பாக்ஸ்புரோவையே எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கிய பாக்ஸ் சாப்ட்வேர் நிறுவனத்தை 1992இல் மைக்ரோசாப்ட் வாங்கியது. 1990களில் நம் நாட்டின் எண்ணற்ற கடைகளும் கிட்டங்கிகளும் அதில்தான் கணக்கு வைத்தன. 2004இல் விஷுவல் பாக்ஸ்புரோ 9 வெளிவந்தது. 2007 மார்ச்சில், இனி புதிய பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2015 ஜனவரியில் ஆதரவும் நின்றது.

விஷுவல் பேசிக் 6 கதையும் இதுவே. 1998இல் வந்த அந்த மொழியில் எழுதப்பட்ட பில்லிங் சாப்ட்வேர்களுக்கு நம் பக்கம் கணக்கே இல்லை. புரோகிராம் எழுத உதவும் கருவிக்கான ஆதரவை 2008 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. எழுதி முடித்த பழைய புரோகிராம்கள் இன்றும் விண்டோஸில் ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனால் புதிய வரி வந்தால் திருத்தி எழுத, அந்த மொழி தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

திருத்த ஆள் வேண்டும் என்பது வெறும் பேச்சல்ல. 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது, செப்டம்பர் 22 முதல் புதிய விகிதம் அமலுக்கு வந்தது. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய் 12இலிருந்து 5 ஆயிற்று. இடையில் இருந்தது 19 நாட்கள். வரி விகிதத்தைத் தாமே மாற்றிக்கொள்ள வழியுள்ள சாப்ட்வேர் வைத்திருந்தவர்கள் ஓர் இரவில் மாற்றினார்கள். விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே புதைத்து எழுதி வாங்கியவர்கள், எழுதியவர் போனை எடுப்பாரா என்று காத்துக் கிடந்தார்கள்.

கம்பெனி கைமாறினால்

பிளாட்பாரத்தின் உரிமையாளர் மாறினாலும் நமக்குப் பாதிப்பு உண்டு. ஜாவா என்ற மொழி சன் நிறுவனத்தினுடையதாக இருந்தது. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. 2019 ஜனவரி முதல், ஜாவா 8 பதிப்பின் புதிய பாதுகாப்புத் திருத்தங்களை வணிக உபயோகத்துக்கு ஆரக்கிளிடம் பெற வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும் என்றாயிற்று. 2023 ஜனவரியில் அந்தச் சந்தாவை, ஜாவாவை உபயோகிப்பவர் எத்தனை பேர் என்று பாராமல் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடும் முறை வந்தது. கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலும் மூட்டை தூக்குபவர் முதல் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டு என்பது போல.

ஆனால் இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. அதே ஜாவா, ஓப்பன் ஜே.டி.கே. என்ற பெயரில் மூலநிரல் திறந்த வடிவிலும் கிடைக்கிறது. வேறு பல நிறுவனங்கள் அதைத் திருத்தங்களுடன் இலவசமாகத் தருகின்றன. ஆரக்கிளின் நிபந்தனை பிடிக்காதவர்கள் அங்கே மாறிக்கொண்டார்கள். சன் நிறுவனத்தோடு ஆரக்கிள் கைக்குப் போன மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கும் அதே நிலைதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், மூலநிரல் திறந்திருந்ததால் 2009இலேயே அதை எடுத்து மரியா டிபி என்று தனியாக நடத்தத் தொடங்கிவிட்டார்.

மூலநிரல் திறந்தது என்றால் இதுதான் அர்த்தம். ஒருவர் கடையைக் கட்டினால் இன்னொருவர் அதே சரக்கை எடுத்து நடத்தலாம். மைக்ரோசாப்டே 2014இல் தன் டாட்நெட் பிளாட்பாரத்தின் முக்கியப் பகுதிகளைத் திறந்துவிட்டது.

அதற்காக, இலவசமாகக் கிடைப்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊரில் அது தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லையென்றால் திறந்த சாப்ட்வேரும் பூட்டிய கிட்டங்கிதான். ஒரே கம்பெனியின் சரக்கு என்பதாலேயே கெட்டது என்றும் தள்ளிவிட முடியாது. கம்பெனி ஆதரவு தரும் காலத்தைத் தேதியோடு முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்தத் தேதியைக் கேட்டு வாங்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

பாதுகாப்பு: பூட்டு செய்தவர் போய்விட்டால்

ஆதரவு நின்ற பிளாட்பாரம் அன்றைக்கே நின்றுபோவதில்லை. மறுநாளும் பில் அடிக்கும். அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். ஆதரவு நின்றது என்றால், இனி புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை என்று பொருள். பூட்டு தொங்குகிறது, ஆனால் அதன் கள்ளச்சாவி ஊரெல்லாம் கிடைக்கிறது.

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவி, கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில் திருத்தம் வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். 2014 ஏப்ரலிலேயே ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அந்தச் சமயத்தில் விதிவிலக்காக ஒரு திருத்தம் கொடுக்க வேண்டி வந்தது. நம் பாக்ஸ்புரோ புரோகிராம் ஓடியதும் எக்ஸ்பியில்தான். அதை இன்டர்நெட்டில் இணைக்காததால் தப்பித்தோமே தவிர, நம் சாமர்த்தியத்தால் அல்ல.

அடுத்த மாதமே, ஜூன் 27 அன்று, இன்னொன்று நடந்தது. உக்ரைன் நாட்டு வியாபாரிகள் வரிக் கணக்கு தாக்கல் செய்ய உபயோகித்த எம்.இ.டாக் என்ற கணக்கு சாப்ட்வேரின் 'அப்டேட்' வழியாகவே வைரஸ் புகுந்தது. திருட்டு சாப்ட்வேர் அல்ல. முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கம்ப்யூட்டருக்கு, முறையான வழியில் வந்த அப்டேட். அங்கிருந்து பரவி மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையே முடக்கியது. 20 முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது. எங்கோ ஒரு நாட்டின் கணக்கு சாப்ட்வேர், நம் நாட்டுத் துறைமுகத்தில் கன்டெய்னரை நிறுத்திவைத்தது.

மளிகைக்காரர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் 2021 ஜூலையில் சுவீடன் நாட்டில் நடந்தது. அங்கே கூப் என்ற பெரிய மளிகைக் கடைத் தொடர் இருக்கிறது. கூப் நிறுவனத்தை யாரும் நேரடியாகத் தாக்கவில்லை. அதன் பில்லிங் மெஷின்களைத் தூரத்திலிருந்து பராமரிக்க, சப்ளையர் நிறுவனம் கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவியை உபயோகித்து வந்தது. திருடர்கள் அந்தக் கருவியில் இருந்த ஓட்டை வழியே புகுந்தார்கள். பில் போட முடியாமல் சுமார் 800 கடைகளை மூட நேர்ந்தது. சரக்கு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வாடிக்கையாளர் வாசலில் நின்றார்கள். கல்லாவைத் திறக்க வழியில்லை.

நம் கடைகளில் என்ன நடக்கிறது? பில்லிங் நின்றால் சாப்ட்வேர்காரருக்குப் போன் செய்கிறோம். 'ரிமோட்டில் வருகிறேன், நம்பர் சொல்லுங்கள்' என்கிறார். சொல்கிறோம். வேலை முடிந்த பின்னும் அந்த வாசல் திறந்தே கிடக்கிறது. பாஸ்வேர்டும் எல்லாக் கடைக்கும் ஒன்றேதான். ஒரு கடையில் தெரிந்தால் அவர் கைவைத்த அத்தனை கடையும் திறந்த வீடு.

திறந்த சாப்ட்வேருக்கும் இந்த ஆபத்து உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சிறு பாகத்தில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. உலகெங்கும் ஜாவாவில் எழுதிய எண்ணற்ற சாப்ட்வேர்களுக்குள் அது இருந்தது. திருத்தம் உடனே வெளிவந்துவிட்டது. ஆனால் தம் சாப்ட்வேருக்குள் அந்தப் பாகம் இருக்கிறதா என்றே பலருக்குத் தெரியவில்லை. மிளகாய்த்தூள் பாக்கெட்டில் என்ன சேர்த்திருக்கிறது என்று அச்சடிக்கச் சொல்கிறோம். சாப்ட்வேருக்குள் என்னென்ன பாகம் சேர்த்திருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை.

மாத வாடகை சாப்ட்வேர்

இப்போது எல்லாம் 'கிளவுட்' என்கிறார்கள். கணக்கு அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கும். நாம் மாதாமாதம் கட்டணம் கட்டி உபயோகிக்கலாம். நல்ல வசதிதான். பராமரிப்பும் பாதுகாப்புத் திருத்தமும் அவர்கள் பொறுப்பு. ஆனால் கட்டணம் நின்ற மறுநாள் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? சந்தா இரட்டிப்பானால் கணக்கை எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியுமா?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அந்த நாள் டிசம்பர் 31 என்று கொண்டால், 2024 ஏப்ரல் 1 அன்று போட்ட பில்லை 2031 டிசம்பர் முடியும்வரை, அதாவது ஏழே முக்கால் வருடம் வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது 'கம்பெனி மூடிவிட்டது, திறக்கவில்லை' என்ற பதில் எடுபடாது. சட்டப் பொறுப்பு நம் தலையில்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

சாப்ட்வேர் எழுதிக் கொடுப்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்குமுன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

1. எந்த மொழி, எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு? அந்தப் பதிப்புக்கு எந்தத் தேதிவரை ஆதரவு உண்டு?

2. சரக்குப் பட்டியல், பாக்கி, பில் விவரம் அனைத்தையும் எக்செல்லில் திறக்கும்படி நாமே எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வழி உண்டா? வாய்ச்சொல் போதாது. நம் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

3. டேட்டாபேஸின் தலைமைப் பாஸ்வேர்டு யாரிடம்? மூடிய கவரில் நம் கல்லாவிலும் ஒரு நகல் இருக்க வேண்டும்.

4. இலவச டேட்டாபேஸ் என்றால் வரம்பு என்ன? உதாரணமாக எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பில் வெகுகாலம் 10 ஜி.பி.தான் உச்சவரம்பாக இருந்தது. அது நிறைந்தால் அடுத்த செலவு யாருடையது?

5. வரி விகிதத்தை நாமே மாற்ற முடியுமா?

6. ரிமோட் வசதி நாம் அனுமதித்தால் மட்டும் திறக்குமா? வேலை முடிந்ததும் மூடப்படுமா?

7. வேறு யாருடைய பாகங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறார்? பட்டியல் தருவாரா?

8. அவர் தொழிலை விட்டால் மூலநிரல் நமக்குக் கிடைக்குமா?

நல்ல தொழில்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எடைக்கல்லைக் காட்டச் சொன்னால் கோபிக்கும் வியாபாரியை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படியே இவர்களையும் பார்க்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

பணம் செலவழித்து நாளையே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு கவுண்டர் உள்ள மளிகைக் கடைக்குத் தனியாக சாப்ட்வேர் எழுதி வாங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. பலரும் உபயோகிக்கும் ரெடிமேட் சாப்ட்வேர் போதும். அதிலும் மேலே சொன்ன இரண்டாவது கேள்வியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இன்றே செய்யக் கூடியவை சில உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கடைக் கம்ப்யூட்டரில் எது ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வீட்டில் வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத பேக்கப், எடை போடாத மூட்டை. பாக்கிப் பட்டியலை மாதக் கடைசியில் அச்செடுத்துவிட்டால், நம் நண்பருக்கு நேர்ந்த நஷ்டம் மூன்று மாதத்திலிருந்து ஒரு மாதமாகக் குறைந்திருக்கும். வாடிக்கையாளரின் போன் நம்பரும் நம் பொறுப்பில் இருக்கும் பொருள்தான். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இன்டர்நெட் மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. தனி ஒரு கடைக்காரர் மூலநிரல் கேட்டால் யாரும் மதிப்பதில்லை. ஒரே சாப்ட்வேரை உபயோகிக்கும் இருபது கடைகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தமாகப் போட்டால் பேச்சே வேறு. மூலநிரலை முத்திரையிட்டுச் சங்கத்தின் பெட்டகத்தில் வைக்கலாம். எழுதியவர் தொழிலைத் தொடரும்வரை அதைத் திறப்பதில்லை. அவர் விட்டுவிட்டால் உறுப்பினர்களுக்கு அது உரிமை என்று நிபந்தனை எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் புதிய நகல் வைக்கச் செய்வது முக்கியம். அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம் நண்பர் இன்று புதிய சாப்ட்வேரில் வியாபாரம் செய்து வருகிறார். பழைய ஹார்டு டிஸ்க்கை அவர் இன்னும் தூக்கி எறியவில்லை. கல்லாப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அதற்குள் மூன்று மாதக் கணக்கு அப்படியே இருக்கிறது. திறக்கத்தான் ஆளில்லை. அந்த நிலை நம் உறுப்பினர் எவருக்கும் இனி வரக் கூடாது. கடைச் சாவியை இரவில் எவரிடமும் கொடுத்துவிட்டுப் போகாத நாம், கணக்குச் சாவியையும் அப்படியே காப்போம்.